நீலக்காரன் எடுத்த உயிர்

வேல்விழியிடம், "இம்புட்டுக் கதையும் உங்களுக்கு எங்கருந்து வருது?" என்று கேட்காத ஆள் கிடையாது. காய்கறிக் கடையில் கேட்டார்கள், பேங்கில் கேட்டார்கள், விருதுநகரில் பல் பிடுங்கிய டாக்டர் வாயில் பஞ்சை அடைத்துவிட்டுக் கேட்டார். கேட்கத்தான் செய்வார்கள். சிவகாசி அச்சாபீசில் வெடிப்பெட்டி லேபிளுக்குப் பிழை திருத்துகிற ஒருத்தி, கோட்டையும் பூதமும் மந்திர வாளுமாக இரண்டு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறாள். அதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள். சும்மாவா?

"டிவி கேம்ல இருந்துதான்" என்பாள் அவள். கேட்டவர் முகம் உடனே தொங்கிப்போகும். ஓலைச்சுவடி, மலைக்கோயில் சிற்பம், கனவில் வந்த தெய்வம் என்று எதையாவது அவிழ்த்துவிட்டிருந்தால், பாவம், திருப்தியாகப் போயிருப்பார்கள். வேல்விழி என்ன செய்வாள்? உண்மை அதுதான்.

அவளுக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது சிவகாசி பஜாரில் உதுமான் பாய் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். டிவியில் சொருகி ஆடுகிற கேம் பெட்டி ஒன்றும் அவரிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகைக்கு எடுத்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பித் தந்துவிட வேண்டும். சனிக்கிழமை சம்பளம் கையில் விழுந்ததும் அம்மா குருவம்மாள் முதல் வேலையாக அந்த வாடகையைத் தனியாக முடிந்து வைப்பாள். அண்ணன் பாலகுரு விடிந்தும் விடியாமலும் எம். புதுப்பட்டியிலிருந்து சைக்கிளில் பறப்பான். பாய் கடையே திறந்திருக்க மாட்டார். "ஏம்ப்பா, ராத்திரி இங்கனயே படுத்திருந்தியா?" என்று கேட்டுக்கொண்டே பூட்டைத் திறப்பார்.

விளையாட்டில் வந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. யாருக்கு என்ன புரியும்? ரெண்டு பேர் ஓடுகிறார்கள். ஒருத்தனுக்குச் சிவப்புக் கால்சட்டை, இன்னொருத்தனுக்கு நீலம். கோட்டை வருகிறது, கோட்டைக்குள் அறை அறையாக வருகிறது, அறைக்கு அறை நெருப்பு. எதற்கு ஓடுகிறார்கள், யார் விரட்டுகிறார்கள், போய்ச் சேர்ந்தால் என்ன கிடைக்கும், ஒரு எழவும் தெரியாது. தெரியாததால் இவர்களே சொல்லிக்கொண்டார்கள். பாலகுரு சிவப்புக்காரன், வேல்விழி நீலக்காரன். "இவுக அம்மாவப் பூதம் தூக்கிட்டுப் போயிருச்சு" என்பான் அவன். "இல்ல, கோட்டைக்குள்ள மழையப் பூட்டி வெச்சிருக்காக. அதைத் தெறந்துவிடப் போறாக" என்பாள் இவள். வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? பின்னாளில் அவளுடைய முதல் நாவலின் கதையே அதுதான்.

விளையாட்டில் மூன்றாவதாக ஓர் ஆளும் உண்டு. அது அம்மா. பட்டாசுக் கம்பெனிக்கு ஞாயிறு லீவு என்பதால் வெங்காயத்தை உரித்துக்கொண்டே டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா? "ஏலே, உள்ள போறதுக்கு முன்னாடி தகட்டைத் தொட்டானா?" என்று அதட்டுவாள். கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற மருந்து ரூமுக்குள் நுழையும் முன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஊறியிருக்கிற மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஒரு சின்னப் பொறி போதும், ரூம் இருக்காது. டிவிக்குள் இருக்கிறவனும் அப்படித்தான் போக வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். அவள் வாய்க்குப் பயந்து பிள்ளைகள் இரண்டும் ஒவ்வொரு அறை வாசலிலும் ஆளைத் தூணில் ஒரு முட்டு முட்டவைத்து உள்ளே கொண்டுபோவார்கள்.

நாளாக ஆக, அதுதான் விளையாட்டின் விதி என்றே வேல்விழி நம்பிவிட்டாள். நாவலிலும் எழுதிவிட்டாள்: கோட்டைக்குள் நுழைகிறவன் தூணைத் தொட்டாக வேண்டும். அறைக்கு நான்கு பக்கமும் வாசல், ஆளுக்கு ஒரு வாசல் என்று எழுதினாள். மருந்து ரூம் அப்படித்தானே இருக்கும். ஏதாவது ஆனால் அவனவன் தன் பக்கத்து வாசல் வழியாக ஓடிவிட வேண்டும், அடுத்தவன் வாசலுக்குக் குறுக்கே பாயக்கூடாது. பதிப்பாளர் சொர்ணலட்சுமி சென்னையிலிருந்து இதையெல்லாம் 'அபாரமான கற்பனை' என்று பின்னட்டையில் போட்டார். அதை வாசித்துக் காட்டியபோது குருவம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "கற்பனையா? அந்தம்மாவ ஒரு நா மருந்து ரூம்ல வந்து உக்காந்து பாக்கச் சொல்லு" என்றாள்.

நாவலைப் படித்த பிள்ளைகளோ புத்தகக் கண்காட்சியில் வேல்விழியிடம் கையெழுத்து வாங்க வரும்போது பக்கத்துத் தூணைத் தொட்டுவிட்டு வருவார்கள். அதைப் பார்த்து அவள் சிரிப்பாள். சிரிக்கிறபோதே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குத் தூணைவிடப் பிடித்தது இன்னொன்று. விளையாட்டில் ஆளுக்கு மூன்று உயிர். தன் உயிரெல்லாம் தீர்ந்துபோனவன் ரெண்டு பட்டனைச் சேர்த்து அமுக்கினால், கூட்டாளியிடம் மிச்சமிருப்பதில் ஒன்று இவனுக்கு வந்துவிடும். கேட்க வேண்டியதில்லை, எடுத்துக்கொள்ளலாம். நீலக்காரனாகிய வேல்விழி கூச்சநாச்சமில்லாமல் எடுப்பாள். முதல் அறையிலேயே மூன்றையும் தொலைத்துவிட்டு அண்ணன் கணக்கில் கை வைப்பாள். நாவல் எழுதும்போது மட்டும் அது அழகாக இல்லை என்று தோன்றியது. கதாநாயகன் திருடலாமா? ஆகவே, 'சிவப்பன் தன் உயிரில் ஒன்றை நீலனுக்குக் கொடுத்தான்' என்று மாற்றிவிட்டாள்.

பாலகுருதான் எப்போதும் முதல் வாசகன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற வேலை அவனுக்கு. மத்தியானச் சோற்று நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்து, பக்கத்தில் இருக்கிற கூட்டாளி முனியராஜுக்குக் கதை சொல்வான். சிவப்பன் உயிரைக் கொடுக்கிற இடத்துக்கு வந்ததும் தங்கைக்குப் போனைப் போட்டான். "ஏபுள்ள, நான் எங்க குடுத்தேன்? நீதான அமுக்கி அமுக்கி எடுத்த, திருட்டுக் கழுத! இந்தா, முனியராஜுகிட்டச் சொல்லு, யாரு சொல்றது நெசம்னு." முனியராஜ் போனை வாங்கி, "யக்கா, நீங்க எழுதுனபடியே இருக்கட்டும். இவன் கெடக்கான்" என்றான். பின்னால் பாலகுரு சிரிக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சிரிப்பைக் கேட்டு வருஷம் ஒன்றாகிவிட்டது.

போன தீபாவளி சீசனில் அவர்கள் ரூம் வெடித்தது. பாலகுரு காதோரம் தீய்ந்த காயத்தோடு வெளியே வந்து விழுந்தான். முனியராஜ் வரவில்லை. அவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். பாலகுருவின் காயம் ஆறிவிட்டது, ஆள் ஆறவில்லை. வேலைக்குப் போவதில்லை, டீக்கடைக்குப் போவதில்லை, வீட்டுக்கு வருகிறவர்களிடம் முகம் கொடுப்பதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். அவன் மனைவி மாரிச்செல்வி தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போய்க் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். முனியராஜின் மனைவி வீரலட்சுமி இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். "அண்ணன் ஒருக்க வந்துட்டுப் போகட்டும். ஒண்ணு கேக்கணும்" என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். வீரலட்சுமி என்ற பேரைக் கேட்டதும் பாலகுரு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். சோறு போட்டால் தொடமாட்டான்.

இங்கே விருதுநகரில் குடியிருந்த வேல்விழிக்கு மூன்றாம் பாகம் முடியாமல் நின்றது. ஜனவரிப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொர்ணலட்சுமி போன் மேல் போன். இரண்டாம் பாகம் எங்கே முடிந்ததென்றால், கடைசி அறையில் நாலா பக்கமும் நெருப்பு, நீலனுக்கு உயிர் தீர்ந்துவிட்டது, சிவப்பன் அவனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்து, 'கொடுத்தான்' என்று ஒரு வார்த்தை எழுத வேண்டும். அந்த வார்த்தை வரமாட்டேன் என்றது. ஒரு ரூம், நெருப்பு, ரெண்டு பேர். இதை எப்படி எழுதுவாள்? சொந்த அண்ணன் அங்கே சுவரைப் பார்த்துக் கிடக்கும்போது இதை எழுதி யாரிடம் கைதட்டல் வாங்குவாள்?

ஒரு நாள் புதுப்பட்டிக்குப் போனபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டே கேட்டாள். "அண்ணே, முடிவு வரமாட்டேங்குது. நீயாவது ஒண்ணு சொல்லு."

அவன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான்: "குடுத்தான்னு எழுதாத. நீலக்காரன் எடுத்துக்கிட்டான்னு எழுது. எடுத்துக்கிட்டு ஓடிட்டான்னு எழுது. அதுதான் நெசம்."

ஒரு வருஷத்தில் அவன் பேசிய நீளமான பேச்சு அது. இவன் நெஞ்சுக்குள் என்னத்தையோ வைத்துப் பூட்டியிருக்கிறான் என்று மட்டும் வேல்விழிக்குப் புரிந்தது. நாவல் கிடக்கிறது கழுதை, அது வராவிட்டால் யார் குடியும் முழுகிவிடாது. அவளுக்கு அண்ணன் வேண்டும்.

மறுநாளே சிவகாசி பஜாருக்குப் போனாள். உதுமான் பாய் கடை இப்போது செல்போன் கடையாகியிருந்தது. மகன் ஆசிப் கல்லாவில் இருந்தான், பாய் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவளை அடையாளம் கண்டுகொண்டு, "புதுப்பட்டிப் பிள்ளதானே? அண்ணன் நல்லாருக்காப்லயா?" என்று கேட்டார். வேல்விழி தலையை மட்டும் ஆட்டினாள். பாய் மேற்கொண்டு கேட்கவில்லை. அவருக்கும் செய்தித்தாள் வருகிறது. பழைய கேம் பெட்டி இருக்கிறதா என்று கேட்டதும் ஆசிப்பைப் பரண்மேல் ஏற்றினார். தூசி தட்டி, அதே கேசட்டைச் சொருகி, படம் வருகிறதா என்று தானே சரிபார்த்துத் தந்தார். "பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்துருவீகளா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். "வெச்சுக்கிடுங்கம்மா. அவரு ஆடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேல்விழி பெட்டியோடு புதுப்பட்டி வீட்டில் இறங்கினாள். குருவம்மாள் வாயைப் பிளந்தாள். "அடி ஆத்தே, இது இன்னும் உசுரோடவா இருக்கு?" மாரிச்செல்வி டிவியைத் திருப்பிவைத்துப் பின்பக்கத்தைக் காட்ட, வேல்விழி ஒயரைச் சொருகினாள். பழைய பாட்டுச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூலையில் படுத்திருந்த பாலகுரு அசையவில்லை. ஆனால் அவன் தோள் ஒரு கணம் விறைத்ததை வேல்விழி பார்த்துவிட்டாள்.

"அண்ணே, வாறியா?"

"அவன் கெடக்கான். எங்கிட்டக் குடு" என்று ரெண்டாம் நம்பர் ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கினாள் குருவம்மாள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! பிள்ளைகளை அத்தனை வருஷம் அதட்டிய அம்மாவுக்கு ஒரு பட்டன் எதற்கென்று தெரியாது. நீலக்காரன் குதிக்க வேண்டிய இடத்தில் குனிந்தான், குனிய வேண்டிய இடத்தில் நெருப்புக்குள் நடந்தே போனான். "குதிடா! குதிங்கேன்ல! இந்தக் கட்டையில போறவன் சொல்றதக் கேக்கமாட்டேங்கானே!" என்று அம்மா உட்கார்ந்த இடத்திலேயே குதித்தாள். மாரிச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்தும் நாளாகியிருந்தது. நீலக்காரன் செத்துச் செத்து விழுந்தான். குருவம்மாள் கண்டபடி அமுக்கித் தன் மகளின் உயிரை எடுத்து எடுத்துத் தொலைத்தாள்.

"யம்மா, அது சுடுற பட்டன். குதிக்கிறது பக்கத்துல" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் பறந்துவிடுவானோ என்று பயம். அம்மா இன்னொரு தடவை வேண்டுமென்றே நெருப்புக்குள் நடந்தாள் என்றுதான் வேல்விழி இன்றைக்கும் நினைக்கிறாள். பாலகுரு பொறுக்கமாட்டாமல் எழுந்து வந்தான். "கொல்லாத அவன, இங்கிட்டுக் குடு" என்று வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"சிவப்பு இந்தாருக்கு, நீ எடுத்துக்கோண்ணே" என்று வேல்விழி தன்னுடையதை நீட்டினாள்.

"வேணாம். நான் நீலக்காரன்."

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அவன் விரலுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு அறை வாசலிலும் நீலக்காரன் தூணில் ஒரு முட்டு முட்டிவிட்டுத்தான் உள்ளே போனான். பின்னால் அம்மா திருப்தியாக "ம்" கொட்டினாள். எங்கே எவன் ஒளிந்திருக்கிறான் என்று அவன் முன்கூட்டியே சொல்ல, இவள் சுட்டாள். காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் மத்தியானம்வரை ஆடினார்கள். சின்ன வயதில் தாண்டாத அறைக்குள் போனபோது நீலக்காரனின் கடைசி உயிரும் போயிற்று. திரையில் சிவப்புக்காரன் மட்டும் தனியாக நின்றான்.

"எடுத்துக்கோண்ணே. எங்கிட்ட இன்னும் இருக்கு" என்றாள் வேல்விழி.

அவன் பட்டனை அமுக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கை மடியில் போட்டுவிட்டான். அவள் ஆட்டத்தை நிறுத்திவைத்தாள்.

"என்னண்ணே?"

"ஒருக்க எடுத்தது போதும்டி" என்றான்.

அப்புறம் சொன்னான். டிவியைப் பார்த்தபடியேதான் சொன்னான்.

"மத்தியானச் சோத்தத் தின்னுட்டு வந்து உக்காந்தோம். மத்த ரெண்டு பேரும் காயப்போட்டதத் திருப்பப் போயிட்டாக. எனக்கு மேக்கு வாசல், முனியராஜுக்குக் கிழக்கு வாசல். வெயிலு சாஞ்சு வந்து நேரா எங்கண்ணுல அடிச்சுது. 'மாப்ள, செத்த நேரம் எடம் மாறிக்கிருவமாடா'ன்னேன். எந்திரிச்சு வந்து என் எடத்துல உக்காந்துக்கிட்டான். கொஞ்ச நேரந்தான். படார்னுச்சு. நான் கிழக்கு வாசல் வழியா ஓடி விழுந்துட்டேன். அவன் மேக்கு வாசல் வழியாத்தான வரணும்? அங்க சீசன் ஆர்டர்னு இடுப்பு உசரத்துக்குப் பெட்டிய அடுக்கி வெச்சிருந்தானுக. அது என் வாசல்டி. நான் சாக வேண்டிய வாசல். வெயிலச் சாக்குவெச்சு அவன் உசிர எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அந்தப் பிள்ள வீரலட்சுமி கேக்கணும்னு சொல்லிவிடுதே, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

மாரிச்செல்வி கரண்டியோடு அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். எப்பேர்ப்பட்ட கொடுமை பாருங்கள். ஓட வேண்டிய வாசலில் பெட்டி அடுக்கச் சொன்ன முதலாளி ஜாமீன் வாங்கி வந்து வெள்ளை வேட்டியில் நடமாடுகிறான். வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு பாவப்பட்டவன், கொன்றது தான்தான் என்று வருஷம் பூராவும் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான்.

வேல்விழிக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் மனதில் பட்டதைக் கேட்டாள்.

"சின்னதுல நான் உங்கிட்ட எம்புட்டு உசிரு எடுத்திருப்பேன். நீ ஒருக்கக்கூட வையலையே. ஏண்ணே?"

"அதுக்கு எதுக்கு வைய?" என்றான் அவன். "நீ செத்துப்போயிட்டா நான் தனியாத்தான ஆடணும். எனக்கு அது பிடிக்காது. நீ எடுத்துக்கிட்டுத் திரும்ப வந்தா சந்தோசமாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவன் மாதிரி வாயை மூடிக்கொண்டான். பிறகு பாலகுரு அழுதான். முனியராஜைப் புதைத்த அன்றைக்குக்கூட அழாதவன், முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதான். மாரிச்செல்வி வந்து அவன் முதுகில் கையை வைத்தாள்.

குருவம்மாளுக்கும் கண்ணீர் வழிந்தது. ஆனால் அவளுக்கு அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும். "எடுத்தவன் எந்திரிச்சு ஆடணும்ல? படுத்துக் கெடக்குறதுக்கா எடுத்த?" என்று கத்திக்கொண்டே, அவன் மடியில் கிடந்த ஜாய்ஸ்டிக்கில் கையில் பட்ட பட்டனையெல்லாம் சேர்த்து அமுக்கினாள். வேல்விழி ஆட்டத்தைத் திரும்ப ஓடவிட்டாள். அம்மா மறுபடியும் அமுக்கினாள். நீலக்காரன் மேலேயிருந்து குதித்து சிவப்புக்காரன் பக்கத்தில் வந்து நின்றான்.

பாலகுரு முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு எழுந்து ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தான். "முனியராஜு வீட்டுக்குப் போயிட்டு வாறேன். நீயும் வா" என்றான் தங்கையிடம். "போயிட்டு வாங்க, நான் இதப் பாத்துக்கிடுதேன்" என்று அம்மா ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

வீரலட்சுமி வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பாலகுரு நிலைக்கட்டையைத் தொட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வைவாளோ, அழுவாளோ என்று வேல்விழி அவள் முகத்தையே பார்த்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் வீரலட்சுமி. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். வேல்விழி சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்னமோ கேக்கணும்னு சொல்லிவிட்டியாம் தாயி" என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னான் பாலகுரு.

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. அன்னைக்குக் காலையில எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. கஞ்சிகூடக் குடிக்காமக் கோவிச்சுக்கிட்டுப் போனாக. அந்தக் கோவத்தோடயே போயிட்டாகளோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருது. கடைசியா உங்ககூடத்தான இருந்தாக. என்ன பேசுனாகன்னு கேக்கலாம்னுதான்."

இதற்காகத்தான் ஒரு வருஷமாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். இதற்குத்தான் அவன் ஓடி ஒளிந்திருக்கிறான். வேல்விழி அண்ணனைப் பார்த்தாள். அவனுக்கு வேறு வழியில்லை. அவள் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"கோவமில்ல தாயி, சிரிச்சான்" என்றான் பாலகுரு. "வெயிலடிக்குது, எடம் மாறிக்கிருவமான்னு நாந்தான் கேட்டேன். 'நீ என்ன பொண்ணு பாக்கப் போற மாப்ளையாடா, வெயிலு பட்டாக் கருத்துருவியோ'ன்னு சொல்லிச் சிரிச்சான். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு வந்து என் எடத்துல உக்காந்தான். அதுக்கப்புறம் பேசல. அது என் எடம் தாயி. நான் கேக்காம இருந்திருந்தா அவன் இன்னைக்கு இருந்திருப்பான்."

சொல்லி முடித்துவிட்டுக் கையைக் கூப்பினான்.

வீரலட்சுமியின் கையிலிருந்த குழாய் மெல்லப் பிரிந்தது. "சிரிச்சாகளா?" என்று கேட்டாள்.

"சிரிச்சான் தாயி."

அவள் முந்தானையை எடுத்து முகத்தில் போர்த்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. வேல்விழி நகர்ந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானையை விலக்கியபோது வீரலட்சுமியின் முகம் நனைந்திருந்தது, ஆனால் அதில் ஒரு இளக்கம் இருந்தது.

"அவுக அப்படித்தாண்ணே" என்றாள். "சாத்தூருக்கு பஸ்ல போனாக்கூட வெயிலடிக்கிற பக்கம் என்னைய உக்கார விடமாட்டாக. நீ இங்கிட்டு நகருன்னு சொல்லிட்டு அவுக போய் உக்காந்துக்கிருவாக. நீங்க வாய விட்டுக் கேட்டீக. கேக்கலைன்னாலும், உங்களுக்குக் கண்ணு கூசுறதப் பாத்திருந்தா அவுகளே எந்திரிச்சு வந்திருப்பாக. அவுக குணம் எனக்குத் தெரியாதா? பெட்டிய அடுக்குனவனத்தான் நான் வைவேன். உங்கள எதுக்கு வையப்போறேன்?"

வேல்விழி நினைத்துப் பார்த்தாள்: எடுத்தவன் தன் பக்கத்திலிருந்து பார்த்து எடுத்தேன் எடுத்தேன் என்று செத்துக்கொண்டிருக்கிறான். கொடுத்தவனோ சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். நாவலில் அவள் அழகுக்காக எழுதிய வார்த்தை பொய் இல்லை. "நீங்க எழுதுனபடியே இருக்கட்டும்" என்று முனியராஜ் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டானே! மூன்றாம் பாகத்தில் சிவப்பன் என்ன செய்வான், அதைப் பெற்றுக்கொண்ட நீலன் எழுந்து யார் வீட்டு வாசலுக்கு முதலில் போவான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போனதும் எழுதிவிடுவாள்.

வீரலட்சுமி மூக்கைச் சிந்திவிட்டு, காபி போட எழுந்தாள். அப்போதுதான் கவனித்தாள். மேற்கே சாய்ந்த வெயில் கூரைக்குக் கீழே புகுந்து பாலகுருவின் முகத்தில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தானே தவிர, நகரவில்லை.

"வெயில்ல உக்காந்திருக்கீகளேண்ணே. இங்கிட்டு நிழலுக்கு வாங்க" என்றாள்.

பாலகுரு எழுந்து, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவள் காட்டிய நிழலில் போட்டு உட்கார்ந்தான்.